பத்துக்குப் பத்து பச்சை

பேருந்துப் பணிமனையில் நட்டக்கா என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது; அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். இருபத்தொரு வருடமாகப் பஸ் சக்கரம் கழற்றி மாட்டுகிறாள். வேலைக்கு வந்தது என்னவோ பஸ் கழுவத்தான். டயர் பிரிவில் ஒருவர் திடீரென்று மாற்றலாகிப் போக, "ஒரு வாரம் மட்டும் வந்து நட்டு எடுத்துக் குடும்மா" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். நடுவில் அவளுக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுக்கும் வந்துவிட்டாள். அந்த ஒரு வாரம் மட்டும் இன்னும் முடியவில்லை.

எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்பாதவள். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வந்தபின், காஸ் அடுப்பை அணைத்தோமா என்று மறுபடி மேலே ஏறுவாள். கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டும் அவள் கணவர், இருவர் சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு கீழே நிற்பார்.

"அணைச்சாச்சு, நான் பார்த்தேன்" என்பார்.

"நீங்க பார்த்தீங்க. நான் பார்க்கலையே" என்று படியேறிக்கொண்டே சொல்வாள்.

இருபது வருடத்தில் ஒரு நாள்கூட அடுப்பு எரிந்துகொண்டிருந்ததில்லை. ஆனாலும் ஏறுவாள். கணவர் பையைக் கை மாற்றிக்கொண்டு நிற்பார்.

வேலையிலும் அப்படித்தான். ஒரு சக்கரத்துக்குப் பத்து நட்டு. முதலில் பத்தையும் கையால் திருகி உட்கார வைப்பாள். ஒன்றும் தரையில் உருண்டு போகவில்லையே என்று விரல் கணுக்களில் எண்ணுவாள். கட்டைவிரல், சுட்டுவிரலின் அடிக்கணுவில் ஆரம்பித்து மேலே போய், அடுத்த விரலுக்குத் தாவி, மூன்று மூன்றாக எண்ணி, சுண்டுவிரலின் முதல் கணுவில் வந்து நின்றால் பத்து. பிறகுதான் நீளக் கைப்பிடி ஸ்பேனரை எடுப்பாள். நட்டு சரியான இறுக்கத்துக்கு வந்ததும் ஸ்பேனர் 'டக்' என்று சத்தம் போடும். ஒவ்வொரு டக்குக்கும் நட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. பாதியில் யாராவது கூப்பிட்டால், கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தொடர்வாள். அவள் போட்ட சக்கரம் வழியில் கழன்றது என்று யாரும் சொன்னதில்லை.

ஆடுகிறது என்று ஒரே ஒரு ஆள் சொன்னான். அது அவள் கூடப் பிறந்த தம்பி.

அதே பணிமனையில் அவன் ஓட்டுநர். அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவள் இவள்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "அக்கா போட்ட சக்கரம் ஆடுது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டான். தனியாக வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவளுக்கோ மூக்குக்கு மேல் கோபம். பார்த்தால் பத்து நட்டும் அசையாமல் இருந்தது. டயர்தான் ஒரு பக்கம் புடைத்திருந்தது. அதோடு இவளாவது விட்டிருக்கலாம். இவளும் விடவில்லை. ஓட்டுநர்கள் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, தம்பியின் கையில் ஸ்பேனரைத் திணித்து, "ஒவ்வொண்ணா இறுக்கிப் பாருடா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி எண்ணு" என்றாள். முப்பத்தொன்பது வயது மனிதன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் மாதிரி பத்து வரை எண்ணினான். ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரே வந்தால் இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அவன் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கிப் போவான்.

இப்படி இருக்கும்போதுதான் மாமியார் வந்தது.

சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு கேமரா, கேமராவுக்குக் கீழே ஒரு குட்டி விளக்கு. கட்டைவிரலுக்குச் சிவப்பு உறை, சுட்டுவிரலுக்கு மஞ்சள் உறை. சக்கரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தால் போதும், அந்தச் சக்கரத்தின் மேலேயே விளக்கு எழுதிக் காட்டும்: வண்டி எண், டயரில் எவ்வளவு காற்று, கடைசியாக எப்போது கழற்றியது, எல்லாம். எந்தத் திரையையும் பார்க்க வேண்டாம், எந்தப் பொத்தானையும் அமுக்க வேண்டாம். மணிக்கட்டில் விரலால் ஒரு வட்டம் போட்டால் அங்கேயே கடிகாரம் தெரியும். நாள் முழுக்கக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு தடவைகூடப் பாராட்டாததால் பக்கத்துப் பழுதுபார்க்கும் குழியில் வேலை செய்கிறவர்தான் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார். நட்டக்காவின் நிஜ மாமியார் ஒரு வார்த்தை கடிந்து பேசியறியாதவர். அந்தக் குறையை இது வந்து தீர்த்தது.

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் பழைய சக்கரத்தின் மேல் வெளிச்ச எழுத்து விழுந்தபோது "அட!" என்று வாய்விட்டுச் சொன்னாள். வீட்டுக்குப் போய் மகளிடம் வெறும் மணிக்கட்டில் வட்டம் போட்டுக் காட்டி, "இங்க மணி தெரியும்டி" என்று அலட்டிக்கொண்டாள்.

பயிற்சி கொடுக்க வந்த மேடம் இரண்டு நாள் இருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஒரு நட்டை இறுக்கியதும் கட்டைவிரலால் விரலைத் தொட்டால், அந்த நட்டு 'சரி' என்று பதிவாகும். இறுக்கும்போது கண் கூசக் கூடாது என்பதால் அப்போது விளக்கு எரியாது. எல்லாம் முடிந்தபின் உள்ளங்கையை விரித்துக் காட்டினால், ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் வளையம் விழும்: முடிந்ததற்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு.

"அப்போ சாக்பீஸ்?" என்று நட்டக்கா கேட்டாள்.

"இனிமே சாக்பீஸ் வேண்டாம்மா. அந்தக் கோடு கேமராவைக் குழப்புது" என்றார் மேடம்.

சாக்பீஸ் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். கட்டைவிரல் விரலைத் தொட்டால் சரி என்றார்களே, எந்த விரல், விரலில் எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் விரலை மடக்கி எண்ணுகிற ஜாதியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது நாள் காலை, வேறு பணிமனைகளிலிருந்து அதிகாரிகள் மாமியாரைப் பார்க்க வந்தார்கள். ஒரே கூட்டமாக வந்திருந்தால் தொல்லை இல்லை. மூன்று குழுவாக வந்தார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "நட்டக்கா, ஒரு நிமிஷம்! பெரியவங்க நிக்கறாங்க" என்று கூப்பிட்டார். அவளும் எழுந்து போய், மணிக்கட்டில் வட்டம் போட்டுக் காட்டி, சக்கரத்தில் எழுத்து வரவழைத்துக் காட்டி, அவர்கள் "ஆஹா" என்றதும் திரும்பி வந்தாள். இதற்கு நடுவே அன்று காலை எட்டு வண்டிக்குச் சக்கரம் மாட்டி அனுப்பினாள்.

பன்னிரண்டு இருபதுக்கு ஒன்பதாவது வண்டி. பத்து நட்டையும் கையால் திருகிவிட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே கணுக்களில் எண்ணினாள். சுண்டுவிரலில் வந்து நின்றது. ஸ்பேனர் பக்கத்துக் குழிக்காரரிடம் இருந்தது. சக்கரத்தைப் பார்த்தபடியே அந்தப் பக்கமாகக் கையை விரித்து நீட்டினாள்.

"அண்ணே, அதை இப்படிக் குடுங்க."

விளக்கு எரிந்தது. ஸ்பேனர் தொடாத பத்து நட்டைச் சுற்றியும் பத்துப் பச்சை வளையம்.

மாமியாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பதிவை அழித்துவிட்டு மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு கணுவாகத் தொட்டு, பத்து வரை எண்ணினாள். உள்ளங்கையை விரித்தாள். பத்தும் பச்சை.

பக்கத்துக் குழிக்காரர் ஸ்பேனரை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் வாங்கவில்லை.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?"

"அண்ணே... நான் எண்ணினா, அது இறுக்கினதா எழுதிக்குது."

"அதனால என்ன? எப்படியும் இறுக்கத்தானே போற?"

"பாதியில எழுந்து போயிருந்தா?"

அவருக்குப் புரியவில்லை. அவளுக்கு அன்று காலையில் அனுப்பிய ஒரு வண்டி நினைவுக்கு வந்தது. நாற்பத்திரண்டாம் எண் வண்டி. முன்பக்க இடது சக்கரம். அதைக் கையால் திருகி, எண்ணி முடித்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் முதல் குழுவுக்காகக் கூப்பிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தாள். எங்கே விட்டோம் என்று உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பத்தும் பச்சையாக இருந்தது. அட, முடித்துவிட்டோம் போலிருக்கிறது என்று ஜாக்கியை இறக்கி, வண்டியை விட்டுவிட்டாள்.

அல்லது முடித்துவிட்டுத்தான் எழுந்தாளா?

இதுதான் அவளைக் கொன்றது. ஞாபகம் வரவில்லை. பத்து டக் கேட்டதா? கேட்டது. ஆனால் அது நாற்பத்திரண்டுக்கா, அதற்கு முந்தின வண்டிக்கா? ஒரு நாளைக்கு நூறு டக் கேட்கிற காது அது. வலது தோளை அமுக்கிப் பார்த்தாள். வலித்தது. இருபது வருடமாக வலிக்கிற தோள் இன்றைக்கு மட்டும் சாட்சி சொல்ல வருமா? வண்டி நின்ற இடத்துக்கு ஓடிப் போய்த் தரையைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை இருந்தது, ஜாக்கி நின்ற தடம் இருந்தது. சாக்பீஸ் இருந்திருந்தால் தரையில் வெள்ளைத் தூளாவது கிடந்திருக்கும்.

அந்த வண்டியை இன்று யார் ஓட்டுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டவளே அவள்தான்.

இந்த இடத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவோம். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று அவள் நினைத்தாள். ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம் நினைத்தாள். நட்டெல்லாம் இறுக்கமாக இருந்து, வீணாக வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும்? தம்பி சிரிப்பான். ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். தான் செய்த வேலை தனக்கே நிச்சயமில்லாதவள் என்று பெயராகிவிடும். அந்தப் பெயரோடு சக்கரப் பிரிவில் யார் வைத்துக்கொள்வார்கள்? பழையபடி பஸ் கழுவப் போக வேண்டியதுதான். நட்டு இறுகாமல் இருந்து, அவள் சும்மா இருந்துவிட்டால்? சக்கரம் கழன்றால் வண்டி இடது பக்கம் சாயும். பாலத்துச் சரிவில் இடது பக்கம் ஆறு இருக்கிறது. இந்த நினைப்பு வந்ததும் அவள் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

கட்டுப்பாட்டு அறைப் பெண் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திரையைத் தட்டிப் பார்த்தாள்.

"பத்துக்குப் பத்து பச்சையா இருக்கேக்கா. ஒன்பது அம்பத்திரண்டு. உங்க கைதான்."

"அந்தக் கைதான் சொல்லுது, நிறுத்துன்னு."

"பதிவுல சரியா இருக்கற வண்டிய ரோட்டுல நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லக்கா. சார்கிட்ட கேளுங்க."

சூப்பர்வைசர் அதிகாரிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபோனில் பின்னால் தட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. அவர் கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பொறுமையாகத்தான் பேசினார்.

"நட்டக்கா, பதறாம யோசிங்க. நீங்க இறுக்கலைன்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்போ இறுக்கியிருக்கலாம்."

"இருக்கலாம் சார்."

"பின்னே என்ன?"

"பின்னே என்னன்னா, அது பஸ் சார்."

"மிஷின் தப்பா எழுதாதும்மா. இவங்க முன்னாடி இப்ப போய் இதை... இன்னும் கால் மணியில வண்டி கடைசி ஸ்டாப்புக்கு வந்துடும். அங்க ஆளை விட்டுப் பார்த்துக்கலாம்."

"அதுக்கு முன்னாடி பாலம் வருது சார்."

"பார்த்துக்கலாம்மா" என்று வைத்துவிட்டார்.

நட்டக்கா ஃபோனைப் பார்த்தாள், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், மேசை மேல் இருந்த ரேடியோ மைக்கைப் பார்த்தாள். இருபத்தொரு வருடத்தில் அதை அவள் தொட்டதில்லை. கட்டுப்பாட்டு அறைப் பெண் அவள் பார்வை போன இடத்தைக் கவனித்தாள். பிறகு, நல்ல பெண், தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, "கை கழுவிட்டு வந்துடறேன்க்கா. நாற்பத்திரண்டு நாலாவது பட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மைக்கை எடுத்தாள். எட்டு மாதம் பேசாத தம்பியிடம் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

"தம்பி... நான்தான். வண்டிய ஓரம் கட்டு."

கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. எங்கே, எதற்கு, உனக்கென்ன வந்தது என்று அவன் கேட்பான், தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

"சரிக்கா" என்றான்.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்திட்டேன். குவாரி வளைவுகிட்ட. பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்" என்றான். குரலில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

பழுது பார்க்கும் வேனில் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு போனாள். மாமியாரைக் கழற்றி வைக்கக்கூடத் தோன்றவில்லை. அது கழுத்தில் ஆடிக்கொண்டே வந்தது. இருபது நிமிட வழி. வேன் ஓட்டுநர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், அவள் காதில் எதுவும் ஏறவில்லை. எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும், தான் ஏமாளியாக நிற்க வேண்டும், தம்பி பத்து வரை எண்ணச் சொல்ல வேண்டும், தான் எல்லார் முன்னாலும் எண்ண வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள். அவமானப்படுவதற்கு அவள் இவ்வளவு ஆசைப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வளைவில் பஸ் நின்றிருந்தது. பயணிகள் இறங்கி, கிடைத்த நிழலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் வந்ததும் எழுந்து வழி விட்டான்.

பத்தில் மூன்று நட்டைக் காணவில்லை. நான்காவது, போல்ட்டின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஆறையும் அவள் விரலாலேயே சுற்றிப் பார்த்தாள். சுற்றின. சக்கரம் ஆடி ஆடி, நட்டு உட்காரும் ஓட்டைகள் தேய்ந்து, உள்ளே புதிதாக இரும்பு பளபளத்தது. அதைப் பார்த்ததும் அவள் சக்கரத்தையே பிடித்துக்கொண்டாள்.

பயணிகளில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "ரொம்ப நேரம் ஆகுமாம்மா?" என்றாள். தம்பிதான், "வேற வண்டி வரும்மா, நிழல்ல நில்லுங்க" என்று அனுப்பிவைத்தான்.

அவர்கள் இருவரும் தனியாக இருந்தார்கள்.

"கிளம்பி எவ்வளவு நேரத்துல தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டாள்.

"கொஞ்ச தூரத்துலயே. ஸ்டியரிங் நடுங்கிச்சு."

"கொஞ்ச தூரத்துலயேவா?" அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ரெண்டு மணி நேரமா இதோட ஓட்டிட்டு வரியா? ரேடியோவுல சொல்றதுக்கென்ன? வாயில என்ன வெச்சிருந்த?"

அவன் செருப்பு நுனியால் ஒரு கல்லை நகர்த்தினான்.

"என்னன்னுக்கா சொல்லுவேன்? அக்கா போட்ட சக்கரம் ஆடுதுன்னா?"

அவள் தொங்கிக்கொண்டிருந்த நட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"முப்பதுக்கு மேல போகவே இல்லக்கா" என்றான் அவன். அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னான். "பின்னாடி ஒருத்தர் மாட்டு வண்டியான்னு கத்தினாரு. ரோடுதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டேன். போன தடவையும் நான் நினைச்சது தப்பாத்தானே போச்சு? பாலத்துக்கு முன்னாடி நிறுத்தி, நானே கையால பார்த்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ கூப்பிட்டுட்ட."

அவளுக்குக் கோபம் வரத்தான் வந்தது. இருபத்தொரு வருடப் பழக்கம், எதற்கும் முதலில் அதுதான் வரும். ஆனால் வந்த கோபத்தைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. ஒரு வண்டி ஜனங்களை வைத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியவன், சக்கரம் கழன்றுவிடுமே என்று பயந்ததைவிட அக்கா வாய்க்கு அதிகமாகப் பயந்திருக்கிறான். மாமியார் பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆளை அவளே வாயடைத்து வைத்திருக்கிறாள்.

"என்னை மன்னிச்சுடுடா" என்றாள். அவளுக்கே கேட்காத குரலில்தான் வந்தது.

"சரி விடுக்கா. ஜாக்கி எடுக்கட்டுமா?"

வேனில் இருந்த நட்டுகளைக் கொண்டுவந்து, ஜாக்கி வைத்து, இருவருமாக வேலையை ஆரம்பித்தார்கள். அவள் இறுக்க, அவன் சத்தமாக எண்ணினான். ஆறாவது டக் கேட்டபோது அவள் கை நின்றுவிட்டது.

மற்ற ஏழு வண்டிகள். அடுத்த இரண்டு குழு வந்தபோது வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று இவ்வளவு நேரமும் நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது? திரும்பி வந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்ததில், அந்தப் பச்சையிலிருந்துதான் வந்தது. ஆடினால் ஓட்டுநர்கள் சொல்லியிருப்பார்களே என்று ஒரு தைரியமும் இருந்தது. அன்றைக்குத் தம்பி பத்து வரை எண்ணியபோது சுற்றி நின்று பார்த்தவர்கள்தான் அந்த ஓட்டுநர்கள்.

ஸ்பேனரை அவன் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கை அவன் வியர்வையில் நனைந்திருந்தது. ரேடியோவில் எல்லா வண்டிக்கும் ஒரே நேரத்தில் பேச எந்தப் பட்டன் என்று கேட்டாள். அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினான்.

"எல்லாருக்கும் கேக்குதா? நான் நட்டக்கா பேசறேன்." மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குக் காலையில நான் சக்கரம் மாட்டி அனுப்பின வண்டிங்க எட்டு. அதுல நாற்பத்திரண்டுல நட்டு கழண்டிருக்கு. என் தப்புதான், நான் இறுக்கல. மத்த வண்டியில ஆட்டமோ நடுக்கமோ, ஏதாவது சத்தமோ, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. திட்ட மாட்டேன். எண்ணச் சொல்ல மாட்டேன். தயவுசெஞ்சு சொல்லுங்க."

பட்டனை விட்டாள். ரேடியோ சும்மா இருந்தது. எதுவும் இருக்காது, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்க ஆரம்பித்தாள். அப்போது ஒரு குரல் தொண்டையைச் செருமியது. அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிற பெரிய மீசைக்காரர்.

"அறுபத்தொண்ணும்மா. பின்சக்கரம் வலது பக்கம். காலையிலேருந்து ஒரு சத்தம். ஒண்ணும் இருக்காது, நீ கேட்டியேன்னு சொல்றேன்."

"ஓரம் கட்டுங்கண்ணே. இப்பவே நிறுத்துங்க. எங்க இருக்கீங்க?"

அவர் இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. "அக்கா, பதினேழு. எனக்கும் முன்பக்கம் லேசா இழுக்குது. சொன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு..."

"நிறுத்துப்பா. கோவமெல்லாம் இல்ல. நிறுத்து."

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அறுபத்தொன்று, பதினேழு என்று எழுதிக்கொண்டான். ரேடியோ மறுபடி கரகரத்தது. அவன் பேனாவை மூடாமல் காத்திருந்தான்.